ஒலிநெறியும் ஊர்ப்பெயரும்: பெரம்பலூர், அரியலூர்ப் பெயர்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சொல்லின் பிறப்பை ஆராய்வார்க்கு முதற்கண் வேண்டுவது ஐயமே. எல்லாச் சொல்லும் பொருள் உடையனவே எனினும், அப்பொருள் அமைந்த காரணம் கண்டவுடன் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் கொள்கை. இக்கொள்கையை ஏற்பதாகக் கூறும் நாமே, ஊர்ப்பெயர் என்று வந்தவுடன் அதனை மறந்துவிடுகின்றோம். பெயரைக் காதால் கேட்கின்றோம். அதனோடு ஒலியொத்த சொல் ஒன்றை நினைவிலிருந்து எடுக்கின்றோம். இரண்டையும் இணைக்க ஒரு கதையைச் சேர்க்கின்றோம். அக்கதை தலவரலாற்றில் ஏறுகின்றது; அங்கிருந்து ஆய்வேட்டிற்கு வருகின்றது; ஆய்வேட்டிலிருந்து மீண்டும் மக்களிடமே சான்று என்னும் பெயரோடு செல்கின்றது. இவ்வழக்கின் குறையைப் பொதுவகையாற் கூறுதலினும், ஒரு வட்டாரத்தின் பெயர்களைக் கொண்டு காட்டுதலே பயனுடைத்து. ஆதலின் ஈண்டுப் பெரம்பலூர், அரியலூர் என்னும் இரு மாவட்டங்களின் ஊர்ப்பெயர் சிலவற்றை எடுத்துக்கொண்டோம்.

இவ்வட்டாரம் நம் நோக்கத்திற்குப் பெரிதும் ஏற்றது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியே வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் போற்றிய ஊர். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகச் சொற்களைப் பகுத்த சதுரகராதி 1732ஆம் ஆண்டில் அவரால் தொகுக்கப்பெற்றது. மேலும், இந்நிலத்தின் பாறையடுக்குகளை 19ஆம் நூற்றாண்டின் நிலவியலார் ஆராய்ந்து வரிசைப்படுத்தினர். அவற்றுள் ஒன்று இன்றும் உலக நிலவியல் நூல்களில் அரியலூரின் பெயராலேயே வழங்குகின்றது. எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு படிந்தது என்று அறிந்தே அவர்கள் உயிரினங்களின் முன்பின் கண்டனர். சொல்லிலும் அத்தகைய அடுக்குகள் உண்டு.

நெறி எவ்வாறு அமைந்தது

எழுத்துச் சான்று குன்றிய மொழியார் சொற்பிறப்பை எங்ஙனம் ஆராய்ந்தனர் என்பதை முதலில் நோக்குவாம். அல்பேனிய மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அம்மொழியின் பழமையான எழுத்துச் சான்றாகப் பெரிதும் கூறப்படுவது 1462ஆம் ஆண்டைச் சார்ந்த, கிறித்தவ ஞானமுழுக்கின்போது சொல்லும் ஒரு தொடர். அச்சேறிய முதல் நூல் 1555இல் வெளிவந்தது. அதற்கு முன் ஈராயிரம் ஆண்டு வழக்கை அறிய நூலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இலத்தீன், கிரேக்கம், சிலாவியம், துருக்கியம் ஆகியவற்றின் சொற்கள் அதனுள் வெள்ளமெனப் புகுந்திருந்தன. அங்ஙனமிருந்தும், 1854இல் பிரான்சு பாப் என்பார் அது இந்தோ-ஐரோப்பிய இனத்தது என நிறுவினார். 1891இல் குஸ்தாவ் மேயர் அதன் சொற்பிறப்பகராதியை வெளியிட்டு, இயற்சொல் எது, கடன்சொல் எது எனப் பகுத்துக் காட்டினார்.

அவ்வாறு பகுத்தற்குத் துணைநின்றது ஒலிநெறியே. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் சொல்முதலில் நின்ற ஸகரம், அழுத்தம் பெற்ற உயிரின்முன், அல்பேனியத்தில் நடுநா அண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் 'க்ய' போன்றதோர் ஒலியாயிற்று. ஆறு என்னும் எண்ணுக்கு இலத்தீனில் செக்ஸ் என்பது சொல், அல்பேனியத்தில் க்யாஷ்த. பாம்பிற்கு இலத்தீனில் செர்ப்பென்ஸ், அல்பேனியத்தில் க்யார்ப்பர். ஆனால் நூற்றாண்டு என்னும் பொருளுடைய இலத்தீன் சேகுலும் அங்கே ஷேகுல் என்றே வழங்குகின்றது. ஒரே ஸகரம் ஓரிடத்தில் க்ய ஆகவும், ஓரிடத்தில் ஷகரம் ஆகவும் ஏன் மாறிற்று? முன்னவை மொழியின் பழஞ்சொற்கள். பின்னது, முதல் மாற்றம் நடந்து முடிந்தபின் இலத்தீனிலிருந்து வந்த சொல். ஒலிமாற்றம் ஒரு காலத்தில் தொடங்கி ஒரு காலத்தில் ஓய்கின்றது. ஓய்ந்தபின் வந்த சொல் அதற்கு உட்படுவதில்லை. ஆதலின் ஒலிமாற்றம் சொல்லின் வயதையும் காட்டுகின்றது என்க.

தமிழிலும் இதனோடு ஒத்த நிகழ்ச்சி உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்றிலும் ஆறு என்பது எண்ணுப்பெயர். கோண்டியில் அது சாருங். கொடுத்தற் பொருளில் தமிழில் ஈ; கோண்டியில் சீ. மூலத் திராவிடத்தில் மொழிமுதல் நின்ற சகரம் தென்மொழிகளிற் பல சொற்களில் கெட்டது என்பதே இதன் விளக்கம். சிறகு, இறகு எனவும், சிப்பி, இப்பி எனவும் தமிழினுள்ளேயே இரட்டை வடிவங்கள் நிற்பதும் இம்மாற்றத்தின் சுவடே. இதனினும் வேறானதொரு மாற்றம், இ, ஈ, எ, ஏ என்னும் முன்னுயிர்கள் தொடரும்போது மொழிமுதற் ககரம் சகரமாதல். கன்னடத்துக் கிவி, கெய், கிறு என்பன தமிழில் செவி, செய், சிறு என நிற்கின்றன. ஆனால் அவ்வுயிரை அடுத்து ட, ண, ள, ழ முதலிய நாமடி ஒலி வருமாயின், தமிழில் ககரம் மாறுவதில்லை. கிளி, கிழங்கு, கெடு, கேள், கீழ் என்பவற்றைக் காண்க. தெலுங்கில் இத்தடை இல்லை. ஆகவே கெடு என்பது அங்கே செடு ஆயிற்று.

இவ்விரு மாற்றங்களுள் முற்பட்டது யாது? ககரத்திலிருந்து பிறந்த புதிய சகரம் கெடவில்லை. செவி என்பதற்கு எவி என்றொரு வடிவம் தமிழில் இல்லை. ஆதலின் சகரக்கேடே முற்பட்டது; ககரம் சகரமானது பிற்பட்டது. அசோகர் கல்வெட்டில் சேரர் பெயர் ககர முதலாகவும், சங்கநூல்களில் சகர முதலாகவும் காணப்படுதலைப் பின்னதன் காலத்திற்குக் குறிப்பாக அறிஞர் காட்டுவர். இனி, ஒலிமாற்றம் எல்லாச் சொல்லிலும் ஒருங்கே நிகழும் என்று 1870களில் இலைப்சிக் நகரத்து இளம் இலக்கணியர் வற்புறுத்தினர். ஒலிமாற்றம் சொல்தோறும் சிறுகச் சிறுகப் பரவுதலும் உண்டு என 1978இல் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி விளக்கினார். இத்திருத்தம் நெறியை அழிப்பதன்று. நெறி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அளந்து காட்டுவதே.

இந்நெறி தொலைவிலுள்ள பழங்குடி மொழிகளுக்கே உரியது என்று மாணவர் கருதலாகாது. அரியலூர் மாவட்டத்திற்குள்ளேயே செந்துறை என்றும் கீழப்பழுவூர் என்றும் இரண்டு ஊர்கள் உள்ளன. செந்துறையின் செம் என்னும் அடை, கன்னடத்துக் கெம்பு என்பதனோடு உறவுடையது. அதன் சகரம் பழைய ககரத்தின் வழிவந்தது. கீழப்பழுவூரின் கீழ் என்பதிலோ ழகரம் அடுத்து நிற்றலின் ககரம் மாறாது நின்றது. விதியும் விதிவிலக்கும் சில கல் தொலைவில் இரண்டு பெயர்ப்பலகைகளில் எழுதப்பட்டிருக்கின்றன.

பெரம்பலூர்

இப்பெயர்க்கு மக்களிடையே வழங்கும் விளக்கங்களுள் முதன்மையானது, பெரும்புலியூர் என்பதே பெரம்பலூர் என மருவியது என்பது. காடு மிகுந்து புலிகள் உலவிய இடம் என்னும் கதையும் அதனோடு சேர்ந்தே வரும். கேட்பதற்கு இனிதாயினும், ஒலிநெறி இதனை எளிதில் ஏற்பதில்லை. காரணம் மூன்று.

முதலாவது, பெரும் என்னும் அடை பெரம் ஆதல் வேண்டும். ஊர்ப்பெயர்களில் இவ்வடை மிகுதியாக வருகின்றது. பெருந்துறை, பெருங்குடி, பெரும்பாக்கம், பெருங்களத்தூர் என எங்கும் உகரம் நிலைத்தே நிற்கின்றது. இங்கு மட்டும் அஃது அகரமாதற்குக் காரணம் காட்டல் வேண்டும்.

இரண்டாவது, புலியூர் என்னும் ஈறு பலூர் எனச் சிதைதல் வேண்டும். புலியூர் என முடியும் ஊர்கள் சோழநாட்டிலும் நடுநாட்டிலும் பல. ஓமாம்புலியூர் இன்றும் அவ்வாறே வழங்குகின்றது. திருப்பாதிரிப்புலியூர் பேச்சில் திருப்பாப்புலியூர் எனக் குறைந்தது. குறைந்தது பாதிரியே, புலியூர் அன்று. எருக்கத்தம்புலியூர் இராசேந்திரப்பட்டினம் எனப் புதுப்பெயர் பெற்றது. பழம்பெயர் சிதைந்து வேறு வடிவாகவில்லை.

மூன்றாவதே மிக வலியது. திருவையாற்றுக்கு அணித்தே தேவாரப் பாடல்பெற்ற திருப்பெரும்புலியூர் உள்ளது. அவ்வூர் இன்றும் பெரும்புலியூர் என்றே வழங்குகின்றது. ஒலியால் முற்றும் ஒத்த பெயர் ஓரிடத்தில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மாறாதிருக்க, அண்மையிலுள்ள மற்றோரிடத்தில் இரு வேறு இடங்களில் சிதைந்தது என்பார், அச்சிதைவைச் சான்றோடு காட்டக் கடமைப்பட்டவர். கதை அக்கடமையைத் தீர்க்காது.

பிரம்பலூர் என்பதே பெரம்பலூர் ஆயிற்று என்பது மற்றொரு விளக்கம். இதன் முற்பகுதி ஒலிநெறிக்கு முழுதும் இயைவது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வருமிடத்து, முதலசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் ஒலித்தல் தென்திராவிடப் பொது இயல்பு. தமிழில் இலை, இடம், உலக்கை என எழுதுவன, கன்னடத்தில் எலெ, எடெ, ஒனகெ என நிற்கின்றன. தமிழ்ப் பேச்சிலும் அவை எலை, எடம், ஒலக்கை என்றே ஒலிக்கின்றன. அந்நெறியால் பிரம்பு பேச்சில் பெரம்பு ஆவது இயல்பே. அங்ஙனம் ஒலிப்பாரை நாள்தோறும் கேட்கின்றோம்.

ஆயினும் ஒலி இயைந்தமையாலேயே இதுவே முடிவு என்றல் கூடாது. பிரம்பு நீர்ப்பாங்கான இடத்தில் வளர்வது; பெரம்பலூரோ கரிசலும் மானாவாரிப் பயிரும் மிகுந்த வறண்ட நிலம். இடையிலுள்ள அல் என்னும் உறுப்பிற்கும் விளக்கம் வேண்டும். ஆதலின் நாம் கூறத்தக்கது இவ்வளவே: புலியூர் விளக்கம் ஒலிநெறித் தேர்வில் தவறுகின்றது, பிரம்பு விளக்கம் அத்தேர்வில் தேறிப் பொருள்தேர்வின் வாயிலில் நிற்கின்றது. இரண்டும் ஒரு நிலையின அல்ல.

அரியலூர்

அரி என்பது திருமால். இல் என்பது உறைவிடம். ஆகவே அரி, இல், ஊர் என்னும் மூன்றும் புணர்ந்து அரியிலூர் ஆகி, அரியலூர் ஆயிற்று என்பது பலரும் கூறும் விளக்கம். இதனை ஒலிநெறி தடுக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வடமொழி ஹகரம் தமிழிற் கெடுதல் முறையே. ஹரி அரி ஆனதும், ஹாரம் ஆரம் ஆனதும் ஒரே வழி. யில் என்பது அல் என முடிதற்கும் ஒப்புமை உண்டு. வாயில் என்பதே வாசல் ஆயிற்று. அவ்வாறாயின், கோயில் ஏன் கோயல் ஆகவில்லை என்று வினவலாம். மாற்றம் எல்லாச் சொல்லையும் பற்றவில்லை என்பதே விடை. ஆகவே இம்மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடும். நிகழ்ந்தே தீரல் வேண்டும் என்பதில்லை.

ஆனால் அரியல் என்றே தமிழில் ஒரு பழஞ்சொல் உண்டு. வடித்தெடுத்த கள்ளைக் குறிக்கும் அச்சொல்லைச் சங்க இலக்கியம் பயின்றார் அறிவர். அரியலோடு ஊர் சேர்ந்தால் எவ்வகைத் திரிபும் இன்றியே அரியலூர் ஆகும். இவ்விளக்கத்தை எவரும் விரும்பிக் கூறக் கேட்டிலம். கூறாமைக்குக் காரணம் ஒலியன்று, பெருமையுணர்ச்சியே. கடவுள் உறைந்த ஊர் என்பதில் வரும் நிறைவு, கள் விற்ற ஊர் என்பதில் வருவதில்லை. நம் ஆராய்ச்சியின் நோய் இவ்விடத்திலேதான் வெளிப்படுகின்றது. திருமால் விளக்கத்தை ஏற்றவர் கள் விளக்கத்தை ஆராய்ந்து மறுத்தாரல்லர். அதனை நினைத்தும் பார்த்திலர்.

கள் விளக்கமே உண்மை என்பது நம் கருத்தன்று. திரிபு குறைந்தது என்பதனாலேயே ஒரு விளக்கம் மெய்யாகிவிடாது. அரி என்பது நெற்கதிரையும் குறிக்கும், அரிதற்றொழிலையும் குறிக்கும். ஒலிநெறி இவை அனைத்தையும் வாயிலுள் விடுகின்றது. இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் ஆற்றல் அதற்கில்லை. அதனைச் செய்யவேண்டுவது நாள் குறிக்கப்பட்ட எழுத்துச் சான்று. அரியிலூர் என்னும் வடிவம் பழங்கல்வெட்டில் வந்து, பின்வந்த கல்வெட்டில் அரியலூர் என வருமாயின் முதல் விளக்கம் வலியுறும். மாறாக, அரியலூரே முற்பட்டுக் காணுமாயின் அது தளரும். மேலும், ஊரிலுள்ள கோதண்டராமர் கோயிலையோ, அண்மையிலுள்ள கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலையோ சான்றாகக் காட்டுவார், கோயில் பெயரினும் முற்பட்டது என்பதையும் நிறுவுதல் வேண்டும். பெயர்க்குப் பின் எழுந்த கோயில் பெயர்க்குக் காரணமாதல் இல்லை.

சாத்தனூரும் பழுவூரும்

ஒலிநெறி இரண்டு வழிகளை ஒன்றாக்கிவிடுதலும் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரை உலகறியச் செய்தது, அங்கே 1940இல் நிலவியலார் எம். எஸ். கிருட்டிணன் கண்டறிந்த கல்மரம். 18 மீட்டருக்கு மேல் நீண்ட அவ்வடிமரம் மரத்தின் வடிவை முழுதும் காத்து நிற்கின்றது. ஆயினும் மரப்பொருள் போய்க் கற்பொருள் புகுந்துவிட்டது. ஊரின் பெயரும் அத்தகையதே. சாத்தன் என்பதை வடமொழிச் சாஸ்தா என்பதன் வழியாகக் கொள்வர் சிலர். வணிகக் கூட்டம் எனப் பொருள்படும் ஸார்த்த என்பதன் வழியாகிய சாத்து என்பதனோடு இயைப்பர் சிலர். பாலியில் இவ்விரண்டும் சத்தா, சத்த எனத் தம்முள் மிக நெருங்கிவிட்டன. மெய்ம்மயக்கம் தகர இரட்டையாதல் அங்குள்ள முறை. தமிழுக்கு வந்த வடிவம் எவ்வழியது என்பதை இனி ஒலி காட்டாது. தெய்வத்தின் பெயரோ, ஆளின் பெயரோ, வணிகர் தங்கிய தடமோ என்பதை ஊரின் பழவரலாறே கூறல் வேண்டும்.

சான்றுகள் ஒன்றையொன்று தாங்கும்போது சொற்பிறப்பு எவ்வளவு உறுதி பெறும் என்பதற்குப் பழுவூர் நல்ல காட்டு. பழுமரம் என்பது ஆலமரத்தைக் குறிக்கும் பழவழக்கு. கீழப்பழுவூர்ச் சிவன் கோயிலின் பெயர் ஆலந்துறை. ஊர்ப்பெயர் பழு என்பதையும், கோயிற்பெயர் ஆல் என்பதையும் தாங்கி, ஒன்றற்கொன்று உரையாக நிற்கின்றன. தேவாரத்தில் பழுவூர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர், இன்றும் பழுவூர். ழகரமும் மாறவில்லை. இங்கே கதை சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேடும் இத்தகையதே. ஊரார் வாயில் மாளிகை என்று நின்ற பெயரை, 1980களிலும் 2021 முதலும் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட செங்கற் சுவர்கள் மெய்ப்பித்தன. நாட்டு வழக்கை நாம் இகழவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஒலிக்கும் பொருளுக்கும் மண்ணுக்கும் ஒத்த வழக்கு உண்மையே.

நூல்களின் நிலை

இத்துறையில் நமக்குள்ள கருவிகளையும் மதிப்பிடல் வேண்டும். ரா. பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வெளிவந்தது. நிலம், குடி, அரசு, தலம் என்னும் நோக்கில் ஊர்ப்பெயர்களை வகைப்படுத்திய அந்நூல், இத்துறைக்கு வாயில் திறந்தது. கல்வெட்டுகளை ஊர்ப்பெயர்க்குச் சான்றாக ஆளும் வழக்கத்தையும் வளர்த்தது. ஆனால் அவர் நோக்கம் பெயர்களில் அடங்கிய நாட்டு வாழ்வைக் காட்டுவது, ஒலிமாற்றத்தை அளப்பதன்று. அந்நூலின் நடையைப் பின்பற்றியவர் பலர். அதன் சான்றுத் தேட்டத்தைப் பின்பற்றியவர் சிலரே.

பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பகராதி ஒப்பரிய உழைப்பின் பயன். எனினும் அஃது இனச்சொற்களை நிரல்படத் தொகுக்கின்றதேயன்றி, மூலவடிவங்களை மீட்டுருவாக்கித் தருவதில்லை. அவ்வடக்கம் ஆசிரியர்க்கு அழகு, மாணவர்க்கோ இடர். மூலவடிவம் காணாத மாணவன், ஒரே தொகுதியில் உள்ளவை எவ்வாறு இயைந்தன என்பதை நெறியால் அறியாமல், கண்ணாற் கண்ட ஒற்றுமையால் அறிந்ததாகக் கருதிவிடுகின்றான். அந்நூலைப் பயில்வார் கிருஷ்ணமூர்த்தியின் 2003ஆம் ஆண்டு நூலையும் அருகில் வைத்துப் பயிலல் வேண்டும். தமிழக அரசு 1974இல் பாவாணரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி, தமிழின் வேர்களைத் தமிழிலேயே தேடும் ஊக்கத்தை வளர்த்தது. அவ்வூக்கம் போற்றத்தக்கது, ஆனால் வேரின் பொருள் விரிவை மட்டும் நோக்கி, இனமொழிகளின் ஒலி இயைபைப் பின்னே தள்ளும் போக்கை நாம் ஏற்க இயலாது.

முடிபு

மேற்கூறியவற்றால் ஊர்ப்பெயர் ஆராய்வார் கைக்கொள்ள வேண்டுவன நான்கு என்பது பெறப்படும். பெயரின் மிகப் பழைய வடிவத்தை நாளோடு காணல் ஒன்று. அவ்வடிவத்திற்கும் இன்றைய வடிவத்திற்கும் இடைப்பட்ட ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒப்புமை காட்டல் இரண்டு. கூறும் பொருள் அந்நிலத்திற்கும் காலத்திற்கும் இயையுமா என நோக்கல் மூன்று. தான் விரும்பாத விளக்கத்தையும் அதே தேர்வுக்கு உட்படுத்தல் நான்கு. இவற்றுள் கடைசியதே அரிது. அஃது இல்லையாயின் மற்ற மூன்றும் பயன்படா.

இதனால் வரும் இழப்பு என்ன என்று சிலர் வினவலாம். ஊரார் தம் ஊரைப் புலியூர் என்று மகிழ்வதால் யாருக்கு என்ன கேடு என்பர். கேடு ஊரார் மகிழ்வதில் இல்லை. ஆய்வாளர் அதனைச் சான்றாக்குவதில் உள்ளது. பெரம்பலூர் புலிக்காடாக இருந்தது என்று பெயரைக் கொண்டு எழுதுவார் ஒருவர். பெயர் புலியால் வந்தது என்று அவர் எழுதிய வரலாற்றைக் கொண்டு எழுதுவார் மற்றொருவர். இவ்வட்டத்துள் அகப்பட்ட உண்மையான பழஞ்செய்தி மீட்க இயலாதவாறு மறைந்துபோகும்.

கல்வெட்டும் ஓலையும் இன்றி ஒலிநெறி ஒன்றையே துணைக்கொண்டு அல்பேனியச் சொற்களின் அடுக்குகளைப் பிரித்தறிந்தனர் அயல்நாட்டார். ஈராயிரம் ஆண்டு எழுத்துச் சான்றும், அவற்றோடு உடன்வைத்து ஒப்பிட உயிரோடு வழங்கும் இனமொழிகளும் நமக்குண்டு. அவர்க்கு இல்லாத சான்று நமக்கு இருந்தும், அவர் கொண்ட நெறியை நாம் கொள்ளாதிருத்தல் தகுதியன்று. பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கோயிற் கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஆண்டு வரிசையில் தொகுத்து, ஒவ்வொன்றன் வடிவமாற்றத்தையும் அட்டவணைப்படுத்துதல் ஒரு முதுகலை மாணவர் குழு செய்து முடிக்கத்தக்க பணியே. அப்பணி நிறைவேறுமாயின், இக்கட்டுரையில் நாம் திறந்துவிட்ட வினாக்களிற் சில மூடப்படும்; நாம் கூறியவற்றுட் சில மறுக்கப்படவும் கூடும். மறுப்புச் சான்றோடு வருமாயின் அதனை மகிழ்ந்து ஏற்போம்.